இடம் முதலில், ஒலி பிறகு: மின்னணு இசையில் ஆக்சென்ட் ஒலிகளைத் தேடிப் பிடிப்பது எப்படி?

கிக் (தாளத்தைத் தாங்கும் கனமான டிரம் அடி) சரியாக உட்கார்ந்துவிட்டது. பேஸ் அதோடு ஒட்டி ஓடுகிறது. கார்டுகளும் குறை சொல்லும்படி இல்லை. ஆனால் நாற்பது விநாடி தாண்டியதும் காது வேறெங்கோ போய்விடுகிறது. வீட்டில் உட்கார்ந்து மின்னணு இசை செய்கிற யாருக்கும் இந்த இடம் தெரியும். உடனே என்ன செய்கிறோம்? சாம்பிள் (பதிந்து வைத்த ஒலித் துண்டு) ஃபோல்டரைத் திறக்கிறோம். ‘எஃப்எக்ஸ்’, ‘ஒன்-ஷாட்’, ‘பெர்க்’ என்று ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டுக்கொண்டே போகிறோம். இரண்டு மணி நேரம் கழித்து முந்நூறு ஒலி கேட்டாயிற்று, ஒன்றும் பொருந்தவில்லை, சொந்த டிராக்கே காதில் செத்துப்போயிற்று.

பல வருடம் அப்படித்தான் செய்தேன். தவறு ஃபோல்டரில் இல்லை. எந்த இடத்துக்கு ஒலி வேண்டும் என்று தெரியாமலே ஒலியைத் தேடியதுதான் தவறு. இந்த வழிகாட்டி அந்த வரிசையைத் திருப்பிப் போடுகிறது.

முதலில் ஆக்சென்ட் ஒலி என்று எதைச் சொல்கிறேன் என்பதைத் தெளிவாக்கிவிடுகிறேன். எட்டு பாருக்கு (நான்கு பீட் சேர்ந்தது ஒரு பார்) ஒருமுறை வலப்பக்கம் கேட்கும் ஒரு ‘டிங்’. நான்காவது ஸ்நேர் (கூர்மையான டிரம் அடி) மட்டும் எதிரொலித்துக்கொண்டே தேய்வது. பாடுகிறவர் மூச்செடுக்கும் இடைவெளியில் நுழைந்து மறையும் ஒரு உரசல். எடுத்துவிட்டால் எது போனது என்று கேட்பவருக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் டிராக் வெறிச்சோடிப் போகும். அடுத்த பகுதி வருகிறது என்று அறிவிக்கும் ரைசரும் இம்பாக்ட்டும் வேறு வேலை செய்பவை. அவற்றை இங்கே எடுக்கவில்லை.

படி 1: திரையை அணைத்துவிட்டுக் கேளுங்கள்

டிராக்கை முதலிலிருந்து ஓட விட்டு மானிட்டரை அணைத்துவிடுங்கள். கண் திறந்திருந்தால் அடுத்து வருவதைப் பார்த்துவிடுவோம், காது சோம்பிவிடும். கேட்டுக்கொண்டே, எங்கெல்லாம் எதையோ எதிர்பார்க்கிறீர்களோ அங்கே மேசையில் ஒரு தட்டு தட்டுங்கள். அந்தத் தட்டலை மைக்கில் ஒரு தனி டிராக்கில் பதிவு செய்துகொள்ளுங்கள். இப்படி மூன்று முறை. மூன்றில் இரண்டு முறையாவது ஒரே இடத்தில் விழுந்த தட்டல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுங்கள்.

மீந்த ஒவ்வொரு இடத்துக்கும் நான்கு விஷயங்களைத் தமிழிலேயே எழுதிவையுங்கள்: மேலா கீழா (அதாவது உயர் அதிர்வெண்ணா, தாழ்ந்ததா), எந்தப் பக்கம், எவ்வளவு நேரம், என்ன குணம். என் நோட்டில் இப்படி இருக்கும்: “16-ஆவது பார், கடைசி பீட். மேலே. இடது ஓரம். கண்ணாடி மாதிரி, சட்டென்று நிற்க வேண்டும்.” இன்னொன்று: “24-ஆவது பார். நடுவில் பெருமூச்சு.”

‘பெருமூச்சு’ என்று எழுதிய பிறகு தேடுவது எவ்வளவு எளிது என்று செய்து பார்த்தால் தெரியும். அந்த டிராக்கில் அந்த இடத்தில் இப்போது இருப்பது பேருந்தின் ஏர் பிரேக். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

படி 2: பிடித்த ஒரு டிராக்கைக் கணக்கெடுங்கள்

உங்கள் வகைக்கு நெருக்கமான ஒரே ஒரு டிராக்கை எடுத்து, நீங்கள் இசை செய்யும் மென்பொருள் ஏபிள்டனோ எஃப்.எல். ஸ்டுடியோவோ ரீப்பரோ, அதில் போட்டு டெம்போவைப் பொருத்துங்கள். ஒவ்வொரு சின்ன ஒலி வரும்போதும் ஒரு மார்க்கர். ஒலியைத் திருடுவதற்காக அல்ல. அது எங்கே வருகிறது, எத்தனை முறை திரும்புகிறது, திரும்பும்போது எது மாறுகிறது என்று பார்ப்பதற்காக. ஹெட்ஃபோனில் ஒருமுறை, சின்ன ஸ்பீக்கரில் ஒருமுறை. ஒரு டிராக்கை இப்படி முழுசாகப் பிரித்துப் பார்ப்பது, பத்து டிராக்கை மேலோட்டமாகக் கேட்பதைவிட அதிகம் கற்றுத்தரும்.

படி 3: கையில் இருக்கும் ஒலியையே முதலில் திருப்பிப் பாருங்கள்

புது ஒலி தேடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். ஆக்சென்ட் என்ற சொல்லே டிரம் மெஷினில் ஒரு வசதியின் பெயராக இருந்தது. 1980-ல் வந்த ரோலண்ட் டிஆர்-808-ல் எந்த ஸ்டெப்பில் (பாரின் பதினாறில் ஒரு பங்கு) ஆக்சென்ட் போட்டாலும் அந்த ஸ்டெப்பில் ஒலிப்பவை எல்லாம் சத்தமாகும். அடுத்து வந்த டிபி-303 பேஸ் மெஷினில் இன்னும் சுவையான ஏற்பாடு: ஆக்சென்ட் விழுந்த சுரம் சத்தமாவது மட்டுமல்ல, ஃபில்டரும் (ஒலியின் ஒரு பகுதி அதிர்வெண்களை வடிகட்டுவது) கூடுதலாகத் திறக்கும், சுரம் தேய்வதும் வேகமாகும். அடுத்தடுத்த ஸ்டெப்களில் ஆக்சென்ட் போட்டால் ஃபில்டர் மேலும் மேலும் ஏறும். ஆசிட் ஹவுஸ் என்ற வகையின் ‘குய்ங்’ என்று கத்தும் சுரங்களுக்கு ஒரு முக்கியக் காரணம் இது.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: அழுத்தம் என்பது வால்யூம் மட்டுமல்ல, நிறமும் நீளமும்கூட. உங்கள் ஹை-ஹேட்டில் ஒரே ஒரு அடியை எடுத்து நீளத்தைப் பாதியாக்கி, ஃபில்டரைத் திறந்து, நான்கு செமிடோன் (அரைச்சுரம்) ஏற்றிப் பாருங்கள். பல நேரம் படி 1-ல் குறித்த இடங்களில் பாதி இதிலேயே நிறைந்துவிடும்.

இரண்டாவது வழி, ஒரே ஒரு அடியை மட்டும் டிலேக்குள் (எதிரொலி எஃபெக்ட்) தூக்கி எறிவது. 1970-களில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் டப் இசையின் முன்னோடி கிங் டப்பி செய்தது இது. ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் பழுது பார்க்கும் தொழில் தெரிந்தவர். ஏற்கெனவே பதிவான பாட்டை மிக்சரில் போட்டு, குரலை வெட்டி, ஒரு சொல்லையோ ஒரு ஸ்நேர் அடியையோ மட்டும் எக்கோவுக்கு அனுப்பினார். புதிதாக எந்த வாத்தியமும் சேராமலே புதுப் பாட்டு பிறந்தது. இன்றைய டெக்னோ, டப்ஸ்டெப் எல்லாம் அந்த மிக்சருக்குக் கடன்பட்டவை.

செய்முறை: டிலேயைத் தனி சென்டில் (ஒலியின் ஒரு பங்கை எஃபெக்டுக்கு அனுப்பும் பாதை) வையுங்கள். 60,000-ஐ பிபிஎம்மால் (நிமிடத்துக்கு எத்தனை பீட்) வகுத்தால் ஒரு பீட்டின் நீளம் மில்லி விநாடியில் வரும். 120 பிபிஎம்மில் 500. அதில் முக்கால் பங்கு, அதாவது மூன்று ஸ்டெப், 375. டிலேயை அந்த நேரத்தில் வையுங்கள். ஃபீட்பேக் (எதிரொலி மறுபடி டிலேக்குள் போகும் அளவு) 40–50 சதவீதம். டிலே திரும்பி வரும் பாதையில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேயும் வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் சேறாகிவிடும். பிறகு சென்ட் குமிழை ஆட்டோமேஷனில் (குமிழின் அசைவைப் பதிந்துவைக்கும் வசதி) அந்த ஓர் அடிக்கு மட்டும் திறந்து உடனே மூடுங்கள். மௌஸால் கோடு வரைவதைவிட, டிராக் ஓடும்போது கையால் குமிழைத் திருகிப் பதிவு செய்யுங்கள். கை தவறும் இடங்களில்தான் நல்லவை கிடைக்கும்.

படி 4: போனை எடுத்துக்கொண்டு வெளியே போங்கள்

என் மனசுக்கு மிகவும் நெருக்கமான படி இது, அதனால் கொஞ்சம் நீளும்.

1948-ல் பாரிஸில் பிரெஞ்சு வானொலியில் வேலை பார்த்த பியர் ஷேஃபர், பதிவுக் கருவியோடு ரயில் நிலையத்துக்குப் போனார். நீராவி என்ஜின், விசில், சக்கரம் தண்டவாள இணைப்பைத் தாண்டும் தடதடப்பு ஆகியவற்றைப் பதிந்து, துண்டு துண்டாகக் கோத்து ஓர் இசைத்துண்டு செய்தார். சாம்பிளிங் என்று இன்று நாம் சொல்வதன் வேர் அங்கே. அவர் பயன்படுத்திய கருவியைவிட உங்கள் சட்டைப்பையில் இருக்கும் போன் பல மடங்கு சுத்தமாகப் பதியும்.

பட்டியலோடு போங்கள். “நல்ல ஒலி ஏதாவது” என்று போனால் ஒன்றும் கேட்காது. “சட்டென்று நிற்கும் கண்ணாடி ஒலி”, “பெருமூச்சு” என்று படி 1-ல் எழுதியதைக் கையில் வைத்துக்கொண்டு போனால் உலகமே பேச ஆரம்பிக்கும். நான் மதுரை மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில் ஒரு மாலை முழுக்க நின்றிருக்கிறேன். ஏர் ஹாரன் எல்லோர் காதிலும் விழும், அது எனக்கு வேண்டாம். பேருந்து நின்றதும் ‘புஸ்ஸ்’ என்று காற்றுவிடும் ஏர் பிரேக் இருக்கிறதே, அது அரை விநாடியில் தொடங்கி முடியும் சுத்தமான இரைச்சல். சின்தசைசரில் ஒயிட் நாய்ஸ் போட்டு எல்லோரும் செய்யும் அதே வேலையைச் செய்யும். ஆனால் அதற்கு ஓர் உடம்பு இருக்கிறது, வயது இருக்கிறது. கண்டக்டர் விசிலும் அப்படித்தான். இரண்டு குட்டை ஊதல், நடுவில் அரை மூச்சு. அந்த இடைவெளியே ஒரு தாளம்.

வீட்டுக்குள்ளேயே ஒரு வருடத்துக்குப் போதுமானது இருக்கிறது. எவர்சில்வர் டம்ளரை ஸ்பூனால் தட்டுங்கள். தண்ணீர் ஊற்ற ஊற்ற சுரம் இறங்கும், அப்படியே ஸ்கேலுக்கு டியூன் செய்துகொள்ளலாம். கேஸ் லைட்டரின் ‘டக்’ ஓர் ஆயத்த ரிம்-ஷாட் (டிரம்மின் விளிம்பில் விழும் அடி). சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் வரும் ‘சுர்ர்’ ஒரு முழு கிராஷ் சிம்பலின் வடிவம் கொண்டது: கூர்மையான தொடக்கம், நீண்டு தேயும் வால். தாளிக்கும்போது கடுகு வெடிப்பதைப் பதிந்து பாருங்கள் (எக்ஸாஸ்ட் ஃபேனை அணைத்துவிட்டு, எண்ணெய் தெறிக்காத தூரத்தில் போனை வைத்து). ஒழுங்கில்லாமல் விழும் அந்தச் சின்ன வெடிப்புகளை எந்த ரேண்டமைசரும் அவ்வளவு இயல்பாகத் தராது. கடை ஷட்டர் இறங்கும் ஓசை, தையல் மிஷின், மாவு சல்லடை, இரும்புப் பூட்டு, தீக்குச்சி உரசல் என்று அடுக்கிக்கொண்டே போகலாம்.

பதியும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பாகப் பதியும் ஆப்பை வைத்துக்கொள்ளுங்கள். தானாக ஒலி அளவை ஏற்றி இறக்கும் வசதியையும் இரைச்சல் நீக்கத்தையும் அணைத்துவிடுங்கள்; மெல்லிய வால்களை அவை தின்றுவிடும். உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கட்டும். சிறிய பொருளுக்குப் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் தூரம் போதும். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் என்ன, எங்கே என்று வாயால் சொல்லிவிடுங்கள், ஒரு மாதம் கழித்து நன்றி சொல்வீர்கள். மெதுவாக, நடுத்தரமாக, பலமாக, ஒவ்வொன்றும் ஐந்து முறை. கடைசியில் பத்து விநாடி சும்மா இருங்கள், அந்த இடத்தின் அமைதியும் தேவைப்படும். கணினிக்கு மாற்றும்போது கேபிளில் மாற்றுங்கள். மெசேஜ் ஆப்பில் ஆடியோவாக அனுப்பினால் ஒலி சுருங்கிவிடும்.

பிரிட்டனின் மின்னணு இசைக்கலைஞர் மாத்யூ ஹெர்பர்ட் 2000-ல் தனக்குத் தானே ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்: பிறர் இசையிலிருந்து சாம்பிள் எடுப்பதில்லை, டிரம் மெஷினைத் தொடுவதில்லை. அவ்வளவு கடுமையாக இருக்கச் சொல்லவில்லை. ஒரே ஒரு டிராக்குக்கு மட்டும் அந்த விதியை வைத்துப் பாருங்கள்.

படி 5: நம் தோல் கருவிகளிடம் கேளுங்கள்

உருமியின் ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் உரசும்போது எழும் ‘ஊம்ம்’ என்ற வழுக்கல், பேஸ் டிராப்புக்காக சின்தசைசரில் நாம் கஷ்டப்பட்டுச் செய்யும் பிட்ச் பெண்ட்தான். கஞ்சிரா வாசிப்பவர் இடது கையால் தோலை அழுத்திச் சுரத்தை வளைப்பார்; அதே கருவியின் ஓரத்தில் சலங்கைக் காசு வேறு. தவில் வலந்தலையில் விரல்கூடு விழும் அடி, எந்த மின்னணு ஸ்நேரையும் கிழித்துக்கொண்டு வெளியே வரும். மோர்சிங்கோ இயற்கையே செய்த ஃபில்டர்: வாயின் வடிவம் மாற மாற நிறம் மாறும்.

தெரிந்த கலைஞர் யாராவது இருந்தால் அழைத்து, பாட்டு வாசிக்கச் சொல்லாமல், “ஒரு அடி, அப்புறம் அமைதி” என்று அரை மணி நேரம் பதியுங்கள். அதற்குப் பணம் கொடுங்கள், பெயரையும் போடுங்கள்.

படி 6: வெட்டு, திருப்பு, இறக்கு

பதிந்ததை அப்படியே போட்டால் பெரும்பாலும் ‘சவுண்ட் எஃபெக்ட்’ போலத்தான் கேட்கும். அதை இசையாக்க நான் திரும்பத் திரும்பச் செய்வது மூன்று.

முதலாவது, தலையை வெட்டுவது. ஷேஃபர் 1948-லேயே கண்டது இது. மணியை அடிக்கும் அந்த முதல் கணத்தை வெட்டிவிட்டு ரீங்காரத்தை மட்டும் கேட்டால் அது மணி என்றே தெரியாது. பிபிசியின் மின்னணு ஒலிக்கூடமான ரேடியோஃபோனிக் வொர்க்‌ஷாப்பில் டீலியா டெர்பிஷர் ஓர் உலோக விளக்குக் கூம்பை வைத்து அதையே செய்தார்: தட்டிய கணத்தை நீக்கிவிட்டு ஒலிக்கும் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டார். உங்கள் டம்ளர் பதிவில் முதல் 50 மில்லி விநாடியை வெட்டி, 20 மில்லி விநாடி ஃபேட்-இன் கொடுங்கள். எவர்சில்வர் மறைந்து வேறேதோ நிற்கும். (வெட்டாத ஒலிகளுக்கும் தொடக்கத்தில் ஒன்றிரண்டு மில்லி விநாடி ஃபேட் கொடுங்கள், ‘டிக்’ என்ற பிசிறு போய்விடும்.)

இரண்டாவது, திருப்பிப் போட்ட ரிவெர்ப் (அறையின் முழக்கம்). ஒலியைத் தலைகீழாகத் திருப்புங்கள், அதன் மேல் நூறு சதவீதம் ‘வெட்’ ரிவெர்ப் (அசல் ஒலி இல்லாமல் முழக்கம் மட்டும்) போடுங்கள், அதை ஆடியோவாக்குங்கள், மறுபடி திருப்புங்கள். இப்போது ஒலி வருவதற்கு முன்பே அதன் நிழல் வரும். அசல் ஒலியை அந்த நிழல் முடியும் இடத்தில் சரியாக ஒட்டுங்கள்.

மூன்றாவது, சுரத்தை இறக்குவது. டேப் ஓட்டுவதுபோல் 12 செமிடோன் இறக்கினால் நீளம் இரட்டிப்பாகும். 24 இறக்கினால் நாலு மடங்கு, கடுகு வெடிப்பு மரக்கட்டை விழுவதாகிவிடும். உலோக ஒலிகளை டிராக்கின் சுருதிக்குக் கொண்டுவரும்போது டியூனரை நம்ப வேண்டாம். அவற்றின் மேற்சுரங்கள் ஒழுங்கான வரிசையில் இருக்காது. டிராக்கின் ஆதார சுரத்தை ஒரு சைன் அலையாக (மேற்சுரமே இல்லாத ஒலி) ஓட விட்டுக் காதால் பொருத்துங்கள்.

படி 7: ஒன்றுமே இல்லாமல் செய்வது

பதிவு எதுவும் இல்லாத இரவுகளுக்கு ஒரு கைமருந்து. 808-ன் கௌபெல் (மாட்டு மணி) ஒலி என்பது இரண்டே இரண்டு ஸ்கொயர் (சதுர வடிவ) அலைகள், சுமார் 540 ஹெர்ட்ஸும் 800 ஹெர்ட்ஸும். சுத்தமான பஞ்சமத்துக்கு மிக அருகில், ஆனால் பஞ்சமம் இல்லை. அந்தச் சின்ன விலகல்தான் உலோகத் தன்மையைத் தருகிறது. எந்த இலவச சின்தசைசரிலும் இரண்டு ஆஸிலேட்டரை (அலையை உண்டாக்கும் பகுதி) இப்படி வைத்து, பேண்ட்-பாஸ் ஃபில்டர் (நடுப் பகுதியை மட்டும் விடுவது) போட்டு, சட்டென்று தேயும் என்வலப் (ஒலி எழுந்து தேயும் வடிவம்) கொடுங்கள். பிறகு இரண்டாவதை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். பத்து நிமிடத்தில் உங்களுக்கே உரிய ஒரு மணிக் குடும்பம் கிடைக்கும்.

படி 8: உட்கார வைப்பது

வழக்கமான இடம், எட்டாவது பாரின் நான்காவது பீட்டுக்குப் பின். எல்லோரும் அங்கேதான் போடுகிறார்கள், தவறில்லை. நான் இன்னொன்று சொல்கிறேன். கச்சேரியில் மிருதங்கம் மூன்று முறை ஒரே சொல்லை வாசித்துச் சமத்தில் வந்து விழும்போது சபை முழுக்கக் கை தட்டலுக்குத் தயாராகிறதே, அந்தக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ததிங்கிணதொம் ஐந்து எழுத்து. மூன்று முறை சொன்னால் பதினைந்து. ஒரு பாருக்குப் பதினாறு ஸ்டெப். ஆக இரண்டாவது ஸ்டெப்பில் தொடங்கினால் அடுத்த பாரின் முதல் கிக்கில் கச்சிதமாக முடியும். அதாவது உங்கள் ஒலியை 2, 7, 12 ஆகிய ஸ்டெப்களில் வைத்து, அடுத்த பாரின் 1-ல் நிறுத்துங்கள். நான்கு நான்காக ஓடும் கிக்கின் மேல் ஐந்து ஐந்தாக நடக்கும் ஒன்று தடுமாறுவதுபோல் தோன்றிக் கடைசியில் சரியாகக் கால் வைக்கும். முப்பத்திரண்டு பாருக்கு ஒருமுறை போதும்.

மிக்ஸில் பெரிய ரகசியம் இல்லை. 200–300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள், கிக்கும் பேஸும் அங்கே இருக்கின்றன. 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் காதுக்கு மிகக் கூர்மையான பகுதி. அங்கே குத்தினால் மெதுவாக இறக்குங்கள். பக்கவாட்டில் தள்ளி வையுங்கள். கேட்கும்வரை ஏற்றி, அங்கிருந்து இரண்டு மூன்று டெசிபல் இறக்குங்கள்.

படி 9: உரிமை

சினிமாப் பாட்டிலிருந்து அரை விநாடி எடுத்தாலும் அது இன்னொருவருடையது. ஒலிகளைப் பகிரும் ஃப்ரீசவுண்ட் போன்ற தளத்திலிருந்து எடுத்தால் ஒவ்வொரு கோப்பின் உரிமத்தையும் பாருங்கள்: சிசி0 என்றால் தாராளமாகப் பயன்படுத்தலாம், சிலவற்றுக்குப் பெயர் குறிப்பிட வேண்டும், சிலவற்றை வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. தெருவில் பதியும்போது பின்னணியில் ஒலிபெருக்கிப் பாட்டு நுழைந்திருந்தால் அந்தப் பதிவை விட்டுவிடுங்கள். ஒருவருடைய குரல் அடையாளம் தெரியும்படி விழுந்திருந்தால் அவரிடம் கேளுங்கள். கூவி விற்கும் பாட்டி ஒருவரிடம் போய் ஹெட்ஃபோனில் அவர் குரலையே போட்டுக் காட்டினேன். இன்னும் நன்றாகக் கூவுகிறேன் என்று மறுபடி பதியச் சொன்னார்.

படி 10: கழிப்பது

ஒரு நாள் டிராக்கைத் தொடாதீர்கள். மறுநாள் காலை, ஒவ்வொரு ஆக்சென்ட்டையும் ஒவ்வொரு முறை மியூட் செய்து முழு டிராக்கையும் கேளுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் குறுக்குவழி கிடையாது. மியூட் செய்தபோது அந்த இடத்தில் மேசையைத் தட்டத் தோன்றினால் ஒலி இருக்கட்டும். தோன்றவில்லையா, டிராக்கிலிருந்து எடுத்துவிட்டு லைப்ரரியில் வையுங்கள், இன்னொரு டிராக்குக்கு ஆகும். கோப்புப் பெயரில் பொருளும் இடமும் குணமும் இருக்கட்டும்: “ஷட்டர்_கீழமாசிவீதி_கனமான_நீண்ட”.

மாட்டுத்தாவணியில் பதிந்ததை வைத்துச் செய்த அந்த டிராக்கில் முதலில் பத்தொன்பது ஆக்சென்ட் வைத்திருந்தேன். ஏழுதான் மிஞ்சியது. ஏர் பிரேக் 24-ஆவது பாரிலும் 56-ஆவது பாரிலும் வருகிறது, இரண்டாம் முறை ஐந்து செமிடோன் இறங்கி. கண்டக்டர் விசில் ஒரே ஒரு முறை, கடைசிக் கிக்குக்குப் பிறகு, தனியாக.